பதில் வராத சேதி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு தோழிகள். ஒருத்தி சென்னையில் சிப் ஆராய்ச்சி செய்கிறவள்.

"ஆராய்ச்சிய விட்டுரலாம்னு இருக்குட்டி. சிப்புக்குள்ள ஒரு பக்கம் சேதி அனுப்பும். 'வந்துட்டு'ன்னு பதில் வந்தாத்தான் அடுத்ததை அனுப்பும். பதில் ஒருதரம் தொலைஞ்சா எல்லாம் அப்படியே நின்னுருது."

"திரும்ப அனுப்பட்டுமே?"

"மறுபக்கம் அதைப் புதுச் சேதின்னு ரெண்டுதரம் எடுத்துக்கிடும்."

"நம்பர் போடேன். துபாய்ல இருக்க வீட்டுக்காரருக்கு நான் லெட்டர் அப்படித்தான் எழுதுதேன். பதில் வரலன்னா அதே நம்பர்ல திரும்ப எழுதுவேன். பழைய லெட்டர்தான்னு அவுகளுக்குப் புரிஞ்சிரும்."

ஆராய்ச்சிக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏட்டி, இது போதும்ட்டி எனக்கு!" சிரித்தபடியே கேட்டாள்: "இப்ப எத்தனாவது நம்பர்?"

"நாப்பத்திரண்டு. அதையே நாலாவது தரம் எழுதிப் போட்டிருக்கேன்."

சிரிப்பு நின்றது. தோழியின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். மேலகரம் தாண்டியும் விடவில்லை.