கயாக்கில் ஒரு பம்ப்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரே யூனிஃபார்மில் இரண்டு பேர்.

"பம்ப் நல்லாத்தான் ஓடிச்சி. தண்ணிதான் கொறையல," என்றார் ஜன்னலோரத்துக்காரர்.

"இன்னாபா சொல்ற?" என்றார் மற்றவர்.

"என் துடுப்புப் படகு இருக்குல்ல, கயாக்கு, அதுல பூர்ற தண்ணிய வெளிய தள்ள பேட்டரி பம்ப் மாட்டுனேன். கடல்ல அலை அடிச்சு ரொம்பிடுச்சி. சுவிட்ச்ச போட்டா, உறிஞ்சுற தண்ணிய திரும்ப உள்ளயே ஊத்துது."

"டியூப வெளிய விடலையா?"

"அதுக்கு படகு பக்கத்துல ஓட்ட போடணும். நம்ம அசெம்பிளி லைன்ல நான் மாட்டுறதோட சரி, ஓட்ட போடுறது அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிற ஆளுதானே. அதே பழக்கத்துல வுட்டுட்டேன்."

"அப்றம் எப்டி கரைக்கு வந்த?"

"டிபன் பாக்ஸால மொண்டு ஊத்திகினே வந்தேன்."

கம்பெனி கேட் வரும்வரை மற்றவர் சிரித்தார். இறங்கும்போது சொன்னார்:

"ஞாயித்துக்கெழம டிரில்லோட வரேன், வூட்லயே இரு. அடுத்த ஸ்டேஷன் நான்தான்."