கஜலக்சுமி அக்காவின் தங்க அட்டை

வீட்டுக்கு நேரில் வந்து சொல்லாத அழைப்பை எங்கள் ஆட்கள் அழைப்பாகவே எடுப்பதில்லை. கலியாண வீடோ சாமத்திய வீடோ, கார்ட்டைத் தபாலில் அனுப்பினால், "உவைக்கு எங்கட வாசற்படி மிதிக்க நேரமில்லையாமோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிடுவார்கள். நான் செய்த வேலை முழுவதும் இந்த ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்ததில்தான் தொடங்கியது.

என் பெயர் சச்சிதானந்தன். ஆறு வயதில் சுவிஸுக்கு வந்தேன். 2009ஆம் ஆண்டிலிருந்து ஏழு வருடம் ஒரு கசினோவில் விருந்தினர் தொடர்பு அலுவலராக இருந்தேன். அங்கே எவர் வாயிலும் என் முழுப்பெயர் நுழையாததால் சச்சி ஆனேன். இந்த வாக்குமூலத்தை ஜெர்மன் மொழியான டொச்சிலும் எழுதலாம், தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்போம் என்றீர்கள். தமிழிலேயே எழுதுகிறேன். நடந்ததெல்லாம் தமிழில்தான் நடந்தது.

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் அதை மெஷினில் செருகிவிட்டு விளையாடினால், போடும் ஒவ்வொரு பிராங்குக்கும் புள்ளி ஏறும். வென்றாலும் ஏறும், தோற்றாலும் ஏறும். மெஷின் பத்தை விழுங்கி எட்டைத் துப்பி, அந்த எட்டையும் மறுபடி விழுங்கினால் பதினெட்டுக்குப் புள்ளி. சேர்ந்த புள்ளியைக் கொடுத்துச் சாப்பாடும் வாங்கலாம். புள்ளி கூடக்கூட அட்டையின் நிறம் மாறும். முதலில் நீலம், பிறகு வெள்ளி, கடைசியில் தங்கம். தங்க அட்டைக்காரருக்கு மதியச் சாப்பாடு இலவசம், பிறந்தநாளுக்கு இருவருக்கு விருந்து, பெயர் சொல்லி வரவேற்க ஒரு ஆள். அந்த ஆள் நான். மூன்று மாதத்துக்குள் போதிய அளவு விளையாடாவிட்டால் நிறம் இறங்கிவிடும். இறங்கிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேலை போனவர்கள்கூட அப்படி நிற்பதில்லை.

பிறந்தநாள் விருந்துக்கான அழைப்பு பளபளப்பான தாளில் டொச்சில் போகும். எங்கள் ஆட்கள் அதைக் கடை விளம்பரங்களோடு சேர்த்துக் கட்டிப் பழைய தாள் எடுப்பவர்களுக்கு வைத்துவிடுவார்கள். நான் மேலாளரிடம், இவர்களை நேரில் போய் அழைக்கவேண்டும் என்றேன். அவருக்கு யோசனை பிடித்துப்போய் ஒரு காரும் தந்தார். நான் வேட்டி கட்டவில்லை, அவ்வளவுதான். மற்றபடி ஒரு கலியாண வீட்டுக்காரன் செய்வதை எல்லாம் செய்தேன். சின்னச் செப்பில் குங்குமம் கொண்டு போனேன். இரண்டு கையாலும் கார்ட்டைக் கொடுத்து, குடும்பத்தோடு கட்டாயம் வரவேணும் என்றேன். திரிம்பாக் ஊர்க் கோயிலில் யாரையாவது கண்டால் சுகம் மட்டும் விசாரிப்பேன், தொழில் கதைக்க மாட்டேன். எனக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது.

இன்னொன்றையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். சுவிஸ்காரர் இலவசச் சாப்பாட்டைத் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறிப் போய்விடுவார். எங்கள் ஆட்களுக்குச் சும்மா சாப்பிட்டுவிட்டு எழும்ப மனம் வராது. "பிள்ளை வீடு தேடி வந்து கூப்பிட்டவன், கொஞ்சமாவது போடாமல் போறது வடிவில்லை" என்பார்கள். அந்தக் கொஞ்சம் போட்டு முடிய மாலையாகிவிடும்.

அவர்களை நான் வெறுத்தேன் என்று சொன்னால் அது சரியில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது, அது வேறு. கோழிக்கால் எண்ணெய் படிந்த விரலாலேயே பொத்தானை அமத்துவார்கள். கண் சிவந்து, வாய் அரைவாசி திறந்தபடி இருக்கும். எச்சில் காய்ந்த அந்த வாயோடு திரையைப் பார்த்துக் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், சிலர் தடவிக் கொடுப்பார்கள். ஊரில் பள்ளிக்கூடம் படிப்பித்த ஒரு மனிதர் மெஷினுக்குத் திருநீறு பூசினார். நான் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, "பரவாயில்லை மாஸ்டர்" என்றேன்.

இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடித்து மறிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்காக எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தார்கள், நான் நல்ல புள்ளி எடுத்தேன். நேரம் தெரியாமல் இருப்பவர், சாப்பிடும்போதும் மெஷினை விடாதவர், வீட்டுக்குத் தெரியாமல் வருபவர் என்று ஒரு தாளில் அடையாளங்கள் எழுதியிருந்தன. யாருடைய வீட்டுக்கு அழைப்போடு போகலாம் என்று பார்க்கவும் எனக்கு அந்தத் தாளே உதவியது. வேறு தாள் தேவைப்படவில்லை.

கஜலக்சுமி அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சூக் நகரில் அலுவலகங்கள் துடைப்பவர். விடிய ஐந்து மணிக்கு ஒரு வேலை, மாலை ஐந்துக்கு இன்னொன்று. இடையில் ஒரு முழுப் பகல் கிடந்தது. கசினோ பதினொரு மணிக்குத் திறக்கும். சூடாக இருக்கும், கோப்பி சும்மா கிடைக்கும், யாரும் எழும்பு என்று சொல்லமாட்டார்கள். கூட வேலை செய்த பெண்களோடு ஒருநாள் வந்தவர், அடுத்த கிழமை தனியாக வந்தார். 2013 ஐப்பசியில் அவருடைய அட்டை தங்கமானது.

அவருடைய பிறந்தநாளுக்கு வீட்டுக்குப் போனேன். கணவர் இராஜேந்திரன் கதிரையில் இருந்தார். உணவகச் சமையலறையில் இருபது வருடம் நின்ற மனிதர், பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. நீரிழிவும் இருந்தது. "இடது கையால வாங்கிறன், குறை நினையாதேங்கோ தம்பி" என்று சொல்லிக்கொண்டுதான் கார்ட்டை வாங்கினார். அந்தக் கையும் நடுங்கியது. அக்கா அவருக்குத் தேநீரைக் கரண்டியால் பருக்கினார், கடைவாயால் வழிந்ததைச் சீலைத் தலைப்பால் ஒற்றினார். என்னை ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற பிள்ளை என்று அறிமுகப்படுத்தினார். நான் திருத்தவில்லை. தட்டில் வைத்த வடையைச் சாப்பிட்டேன், ஒரு வீட்டில் கை நனைக்காமல் எழும்புவது மரியாதை இல்லை.

அடுத்த மாசி மாதம் ஒரு பின்நேரம் அக்கா மெஷினுக்கு முன்னால் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்தார். மெஷினை விட்டு எழும்பினால் வேறு யாராவது இருந்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். மணம் எனக்குத்தான் முதலில் வந்தது. நான் கிட்டப் போனபோது அவர் கைப்பையிலிருந்து வேலைக்குக் கொண்டு போகும் துணியையும் துடைக்கும் மருந்துப் போத்தலையும் எடுத்து, முழங்காலில் நின்று, அந்தக் கதிரையைத் தானே துடைத்துக்கொண்டிருந்தார். தையல் விளிம்புகூட விடாமல், மிகவும் சுத்தமாகத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு அதே கதிரையில் ஏறி இருந்தார். அவருடைய மனம் சரியாகட்டும் என்று அட்டையில் இருநூறு புள்ளி போட்டுவிட்டேன்.

பங்குனி, அதாவது மார்ச், பதினோராம் தேதி அவர் விளையாட வரவில்லை, என்னைக் காணத்தான் வந்தார். தலை இழுத்து, பொட்டு வைத்து, கோயிலுக்குப் போவதுபோல வந்திருந்தார்.

"தம்பி, இனிமேல் என்னை உள்ள விடவேண்டாமெண்டு சொல்லுங்கோ. ஒரு கடிதம் இருக்காம். உங்கட கையால எழுதித் தாங்கோ, நான் கையெழுத்து வைக்கிறன்."

"அங்கால அலுவலகத்தில ஒரு சுவிஸ் பெண் இருக்கிறா அக்கா. அவவிட்டக் குடுக்கலாம்."

"ஐயோ, அவவிட்ட என்னெண்டு இதைச் சொல்லுறது? நீங்கள் எங்கட பிள்ளை. நீங்களே குடுத்துவிடுங்கோ."

அந்தப் படிவத்துக்கு ஸ்பீல்ஷ்பெர என்று பெயர். கொடுத்த அன்றே நாடு முழுக்க எந்தக் கசினோ வாசலிலும் அவருடைய பெயர் சிவப்பாக விழும், உள்ளே விடமாட்டார்கள். நான் டொச்சில் நிரப்பினேன், அவர் தமிழில் கையெழுத்து வைத்தார். அந்தத் தாள் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. என்னிடமிருந்து பக்கத்து அறைக்கு அதைக் கொண்டுபோகப் பன்னிரண்டு அடி நடக்கவேண்டும். நான் என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். காலாண்டு முடிய மூன்று கிழமை இருந்தது. தங்க அட்டைக்காரரின் தொகை குறைந்தால் என் காரும் நேரில் போகும் வேலையும் போய்விடும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அதோடு, ஒரு குடும்பப் பெண்ணின் பெயர் அப்படி ஒரு பட்டியலில் கிடப்பது நல்லதா என்றும் யோசித்தேன். அவரிடம், "இது நடைமுறைக்கு வர மூன்று கிழமை செல்லும் அக்கா, அதுக்குள்ள மிச்சப் புள்ளியைச் சாப்பிட்டு முடியுங்கோ, இல்லாட்டில் வீணாய்ப் போயிடும்" என்று சொன்னேன். வீணாய்ப் போகும் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு எங்கள் ஆட்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும்.

அவர் அடுத்த நாளே வந்தார். அடையாள அட்டையை வாசற்காரரிடம் கொடுத்துவிட்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றார். மறிப்பார்கள் என்று காத்திருந்தார். மறிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வந்தார், ஒவ்வொரு நாளும் அப்படியே நின்றார். கதவு திறந்ததும் அவருடைய தோள் கொஞ்சம் இறங்கும், பிறகு நேராக மெஷினுக்குப் போவார். கமராவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை, அதனால் பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இராஜேந்திரனுக்குக் காலையில் தாதி ஒருவர் வந்து இன்சுலின் போட்டுவிட்டுப் போவார். மத்தியானச் சாப்பாட்டை அக்காதான் போய் வாயில் தீத்துவார். பேருந்தில் பத்து நிமிடம். கசினோவில் மணிக்கூடு கிடையாது, தொலைபேசியையும் அக்கா உடுப்பறையில் கோட்டோடு விட்டுவிடுவார். ஆகவே என்னிடம் ஒரு வேலை தந்திருந்தார்.

"பன்னிரண்டரைக்கு என்னை எழுப்பிவிடுங்கோ தம்பி. ஊசி போட்ட உடம்பு. இவர் சாப்பிடாட்டில் சீனி இறங்கிப் போயிடும்."

நான் அதை ஒழுங்காகச் செய்தேன். பதினொரு நாள் செய்தேன், பேருந்து நேரம்கூடப் பார்த்துச் சொன்னேன். அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பங்குனி இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை. அவருடைய அட்டை தங்கத்தில் நிற்க இன்னும் கொஞ்சம் புள்ளி தேவையாக இருந்தது, அடுத்த நாள் மேலாளரின் கணக்கெடுப்பு. பன்னிரண்டரைக்கு நான் அவரிடம் போனேன், ஒரு தட்டில் சோறும் கோழியும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நேரம் வந்திட்டுதோ?" என்றார்.

"இன்னும் கிடக்கு அக்கா. ஆறுதலாய்ச் சாப்பிடுங்கோ, நான் வந்து சொல்லுறன்."

அவர் சாப்பிட்டார். இடது கையால் தட்டைப் பிடித்து, வலது கையால் சோற்றை அள்ளி, அந்தக் கையாலேயே பொத்தானை அமத்தினார். இரண்டு மணிக்கு நான் அந்தப் பக்கம் போனேன். மூன்று மணிக்கும் போனேன். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது புள்ளி நிறைந்தது. அப்போது போய், "அக்கா, நேரமாச்சு" என்றேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

இராஜேந்திரன் கதிரையிலிருந்து சரிந்து கிடந்தாராம். குசினிப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் தரையில் ஊர்ந்து போயிருக்கிறார். ஆசுப்பத்திரியில் மூன்றாம் நாள், கண் திறக்காமலே போனார். நான் செத்தவீட்டுக்குப் போனேன். மகள் மிதுஷா லௌசானில் படித்துக்கொண்டிருந்தவள், எனக்குக் கதிரை போட்டாள். இரண்டு வருடம் கழித்து நான் வேலையை விட்டபோது, லாச்சியைக் காலி செய்த யாரோ அந்தப் படிவத்தை அக்காவின் வீட்டு முகவரிக்கு அனுப்பியதால்தான் அவளுக்கு விஷயம் தெரியவந்தது. அவள் அதை உங்களிடம் கொண்டு வந்தது நியாயம்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆக, நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் ஓம். படிவத்தை வேண்டுமென்றே வைத்திருந்தேன். நேரம் தெரிந்துகொண்டே பொய் சொன்னேன். அந்த மனிதர் தானாக ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட முடியாதவர் என்பது எனக்குத் தெரியும்.

கணவர் செத்த பிறகாவது படிவத்தை ஏன் கொடுக்கவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். நேற்று என்னால் சொல்ல முடியவில்லை, இப்போது எழுதுகிறேன். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்கா வந்தார். வாசலில் நீண்ட நேரம் நின்றார். கதவு திறந்தது. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தக் கடிதத்தை உண்மையாய்க் குடுத்தனீங்களோ?"

"ஓம் அக்கா. அண்டைக்கே குடுத்திட்டன்."

அக்கா கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார்.

"அப்ப அவங்களாலயும் என்னை மறிக்க ஏலாது போல" என்று சொல்லிவிட்டுப் போய், அட்டையை மெஷினில் செருகினார்.

அப்போதும் அந்தத் தாள் என் லாச்சிக்குள்தான் இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் புருசனைப் பறிகொடுத்துப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண்ணிடம் போய் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேநீர் ஒன்று எடுத்துக்கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் வைத்தேன். நான் அவ்வளவு இரக்கமில்லாதவன் அல்ல.