பாலிசி இல்லாத வீடு

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நான் ரொம்ப ஒழுங்கு, சார். சிட்லபாக்கத்தில் அந்த ஓட்டு வீட்டை வாங்கியதிலிருந்து தீ விபத்துப் பாலிசியைத் தவறவிட்டதே இல்லை. ஏஜெண்ட் காஜா தாம்பரத்திலிருந்து சைக்கிளில் வந்து ஞாபகப்படுத்துவார். என் மனைவி கனகவல்லி மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வருவாள். எண்பத்தேழில் மட்டும் கட்டவில்லை. அது மறதி இல்லை.

முதலில் சவுரிமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். வீட்டின் பின்பாதியில் குடியிருந்தவன். குரோம்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டான், என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். காலி செய் என்றேன், மாட்டேன் என்றான். ஒரு மனிதன் தன் சொந்த வீட்டில் குளித்துவிட்டு வந்து நிற்கும்போது, கொடியில் தொங்கும் அடுத்தவன் சட்டையின் தோல் நாற்றத்தை எவ்வளவு காலம்தான் முகர முடியும்?

வழக்குப் போட்டேன். என் தங்கை குடும்பத்தோடு வரப்போகிறாள், அந்தப் பகுதி வேண்டும் என்று சொன்னேன். செங்கல்பட்டு கோர்ட்டில் சவுரிமுத்து கையைக் கட்டிக்கொண்டு, "சாருக்குக் கூடப் பொறந்தவங்களே கிடையாதுங்க ஐயா" என்றான். நீதிபதி குனிந்து சிரித்தார். அது பரவாயில்லை. பின் வரிசையில் சவுரிமுத்துவின் மனைவி ரத்தினபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் வக்கீல், "அப்பீல் போகலாம், இழுக்கும். கட்டடம் இருக்கிற வரைக்கும் அவன் வாடகைதாரன் சார்" என்றார். சும்மா சொன்னதுதான். ரயிலில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பாலிசி உள்ள வீடு எரிந்தால் போலீஸ் முதலில் வீட்டுக்காரனைத்தான் பிடிக்கும். பாலிசி இல்லாத வீடு எரிந்தால் வீட்டுக்காரனுக்கு டீ வாங்கிக் கொடுக்கும். உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எனக்கு வாங்கிக் கொடுத்தார்.

காஜா வந்தபோது கனகா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "அக்காகிட்ட மறக்காம சொல்லிடுங்க சார். தேதி தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் வராது" என்றார். அவளிடம் சொல்லிவிடுகிறேன், வந்து கட்டுவாள் என்றேன். கனகாவிடம் சொல்லவில்லை. தேதி தாண்டியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் சும்மா இருந்தேன். அவசரப்படுவது என் சுபாவம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சவுரிமுத்து பிள்ளைகளோடு சர்ச்சுக்குப் பூசைக்குப் போனான். கனகாவைத் திருநீர்மலைக்கு அனுப்பினேன். நீ முன்னால் போ, நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றேன். பிறகு பின்பக்கம் போனேன். அவர்களுடைய சமையல் கீற்றுக் கொட்டகையில். அங்கே மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்தது. பற்றவைத்து, திரியை நன்றாக ஏற்றி, கீற்றுக்கு நெருக்கமாகப் பலகைமேல் தூக்கி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அவர்கள் வெளியே போக வர அந்தக் கொட்டகை வழிதான். அந்தப் பகுதிக்கு இன்னொரு வழி என் கூடத்தில் திறக்கும். அந்தக் கதவுக்கு என் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். கோயிலுக்குப் போகிறவன் வீட்டைத் திறந்து போட்டுவிட்டா போவான்?

மலைமேல் கனகாவோடு நின்று சேவித்தேன். திரும்பி வந்தபோது ஓடெல்லாம் உள்ளே விழுந்திருந்தது. தெரு நிறைய ஜனம். காய்ச்சலென்று பூசைக்குப் போகாமல் படுத்திருந்த ரத்தினபாயை வெளியே கொண்டுவந்து, மேலே புடவை போட்டு மூடியிருந்தார்கள். சவுரிமுத்து தலையில் அடித்துக்கொண்டு, "கஞ்சி வெச்சுட்டு ஸ்டவ்வை நான்தான் சரியா அணைக்கல" என்று அழுதான். நான் மறுக்கவில்லை. துக்கத்தில் இருப்பவனிடம் வாதாடக் கூடாது.

அப்புறம் காஜா வந்தார். "அக்கா, கட்டலியா? சார்கிட்ட சொல்லிட்டுப் போனேனே" என்றார். கனகா என்னைப் பார்த்தாள். "உன்கிட்ட சொன்னேனே கனகா" என்றேன், மெதுவாகத்தான். கொஞ்ச நேரம் யோசித்தாள். "சொல்லியிருப்பீங்க. என் புத்திக்குத்தான் எட்டல" என்றாள். அவள் கல்யாண நகையெல்லாம் விற்று அந்த வீட்டில்தான் போட்டிருந்தோம். திரும்பக் கட்ட வழியில்லாமல் மனையையும் விற்றுவிட்டு மாடம்பாக்கத்தில் ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அங்கே நாங்கள்தான் வாடகைக்காரர்கள். கனகா கல்யாண வீடுகளுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். எங்கே போனாலும், "என் மறதியாலதான் அவரை நடுத்தெருவுல நிறுத்திட்டேன்" என்று தானாகவே சொல்லுவாள். கடைசி வரைக்கும் சொன்னாள்.

போன மாதம் அவள் இறந்தபோது சவுரிமுத்து மாலையோடு வந்தான். தலை நரைத்துவிட்டது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "என்னால உங்க வூடும் போச்சு, அக்காவும் இப்படிக் கஷ்டப்பட்டாங்க. மன்னிச்சுடுங்க சார்." மன்னிப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விடுப்பா. ரத்தினபாயும் பாவம், நான் தாழ்ப்பாள் போடறப்பகூட உள்ளே இருமிக்கிட்டேதான் இருந்தா" என்றேன்.

அவன் கையை எடுத்துவிட்டான். "எந்தத் தாழ்ப்பாள் சார்?" என்று கேட்டான். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறான்.

ஆமாம், இருமல் கேட்டது. கேட்ட பிறகுதான் தாழ்ப்பாள் போட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சவுரிமுத்து என்னைக் கல்நெஞ்சன் என்று சொன்னதாகச் சொன்னீர்கள், அதை மட்டும் எழுத வேண்டாம். மாடம்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பாலிசி கட்ட மறந்ததற்காக நான் கனகாவை ஒரு நாளும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.