மைனாவுக்கு எழுதிய பதில்கள்

தேநீருக்கு நன்றி, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் கற்பவர்கள் இணையதளத்தில் கேள்வி அனுப்புவார்கள்: காற்புள்ளி எங்கே வரும், இந்தச் சொல் இங்கே பொருந்துமா என்று. நான் சலிக்காமல் பதில் எழுதுவேன். பழகுவதற்கு எழுதும் வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, பிழையில்லாமல் இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் சொல்வதும் நான்தான்.

'மைனா' என்ற புனைபெயரில் ஒருவர் எழுத ஆரம்பித்தார். 'கணவருக்குத் தெரியாமல் ஒரு பெட்டி வாங்கினேன்.' இந்த வாக்கியம் சரியா என்று கேள்வி. அதே வாரம் என் மனைவி புதுப் பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இது?" என்றேன்.

"தங்கச்சி வீட்டுக்குப் பழசைத் தூக்கிட்டுப் போனா மானம் போகுதுங்க."

அவளிடம் பதில் தயாராக இருந்தது. தயாராக இருக்கும் பதிலை நான் நம்புவதில்லை. தினமும் நானே அப்படி எழுதுகிறவன்தானே.

முன்பு ஒருமுறை அவள் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பின் அவள் கேட்டதே இல்லை. கற்கும் ஆசை உள்ளவள் வேறெங்கே போய்க் கேட்பாள்? நீங்களே சொல்லுங்கள்.

'அவர் எதையும் கவனிப்பதில்லை.' 'வியாழக்கிழமை கிளம்பிவிடுவேன்.' மைனா அனுப்பிய ஒவ்வொன்றையும் திருத்தி, பாராட்டும் சொல்லி அனுப்பினேன். என் வீட்டை விட்டு ஓடுவதற்கு நானே பாடம் நடத்துகிறேன் என்றால் வலிக்காதா, ஐயா?

புதன்கிழமை காலை மாடிப்படியின் மேல்படியில் எண்ணெய் ஊற்றினேன். துவைத்த துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் அவளுக்குப் படி தெரியாது.

"என்னங்க, சாப்பாடு ஆறுது. அந்த ஆளுங்களுக்கு அப்புறம் பதில் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினாள்.

சத்தம் கேட்டபோது யாருக்கோ காற்புள்ளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அதை முடித்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன்.

அவளைத் தகனம் செய்த மறுநாள், வெள்ளிக்கிழமை, மைனாவிடமிருந்து மறுபடியும் கேள்வி வந்தது. அது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தான் உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன்; மற்றதெல்லாம் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்கிறீர்கள். டிவி தொடரில் வரும் வசனங்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுகிறாராம். இருக்கட்டும்.

பெட்டியையும் திறந்து காட்டினீர்கள். அவள் புடவைகளுக்குப் பக்கத்தில் என் சட்டைகள், இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல். என்னையும் கூட்டிப்போக நினைத்திருக்கிறாள் என்கிறீர்கள்.

உங்களுக்கு அவளைத் தெரியாது, ஐயா. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்றுதான் என் சட்டைகளை வைத்திருக்கிறாள்.