குறுக்கு நூல்

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலுக்கும் நெருப்புக்கும் பருத்தியை மிஞ்சிய துணி கிடையாது. திருக்கனூர் கடைத்தெருவில் இருபத்தாறு வருடமாக அதைச் சொல்லித்தான் வியாபாரம் செய்கிறேன். தெய்வநாயகம் கடையில் எடுத்தால் மூன்று தீபாவளிக்குத் தாங்கும் என்று பெயர்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவேன். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும். டெரிலின் என்கிற செயற்கை நூல் என்றால் உருகிச் சின்ன மணியாக உருண்டு நிற்கும். தொட்டால் விரலில் ஒட்டும். படிக்காத சனங்களுக்கும் புரியட்டும் என்று நானே ஆரம்பித்தது.

எழுபத்தாறாம் வருடப் பொங்கலுக்குக் கடை நிறையக் கூட்டம். கரும்பு வெட்டுகிற பலராமன் என் தீப்பெட்டியையே எடுத்தான். அவன் அப்பன் என் அப்பாவுக்கு முன்னால் தோள் துண்டை இறக்கி நின்றவன். இவனோ, சுத்தப் பருத்தி என்று நான் கொடுத்த வேட்டியில் நூல் உருவிக் கொளுத்தினான். மணி உருண்டது.

"இன்னா மொதலாளி, பஞ்சு பிசினா வடியுது?" என்றான்.

கடையே சிரித்தது. கலப்புத் துணியைப் பருத்தி என்று விற்காத வியாபாரி யார்? அன்றிலிருந்து எனக்குப் பிசின் மொதலாளி என்று பெயர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் பிசின் பேத்தி என்றார்களாம். எனக்கு அவன்மேல் வெறுப்பு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவசரப்படவும் இல்லை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்துச் சித்திரையில் சவுக்குத் தோப்புகள் அடுத்தடுத்துப் பற்றின. தோப்புக்காரர்கள் கூடித் தீ அணைக்க ஆறு பேரை அமர்த்தினார்கள். தலைவன் பலராமன். ஆறு பேருக்கும் காக்கிச் சட்டை, கால்சட்டை. துணி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. துணி தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தானே.

தேடித்தான் எடுத்தேன். நீளவாக்கு நூல் பருத்தி, குறுக்கு நூல் முழுக்க டெரிலின். பார்வைக்கு நல்ல கனமான காக்கி. பலராமன் வந்தான். நம்பமாட்டான் என்று தெரியும். நீளவாக்கில் ஒரு நூலை நானே உருவி, தீப்பெட்டியோடு அவன் கையில் கொடுத்தேன். கொளுத்தினான். சாம்பல் உதிர்ந்தது.

"இந்த வாட்டிதான் மொதலாளி நாயமா குடுக்கிற" என்றான்.

"போட்டுக்கடா பலராமா. நெருப்புல நிக்கப் போறவன் நீ" என்றேன்.

மற்ற ஐந்து பேர்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஒருவனுக்கு மட்டும் வேறு துணி என்றால் காக்கியின் நிறம் ஒத்துப்போகாது. பார்க்கிறவர்கள் கடையைத்தான் குறை சொல்வார்கள். அதனால் ஆறு பேருக்கும் ஒரே துணி.

வைகாசி நாலாம் தேதி மத்தியானம் காற்று திரும்பியது. பச்சைத் தழையால் தீயை அடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். துணி உடம்போடு ஒட்டிக்கொண்டது, கழற்றி எறிய முடியவில்லை என்று பிழைத்த இருவர் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் துணியை உரித்தபோது தோலும் கூடவே வந்ததாம். மூன்று பேர் அன்றைக்கே போனார்கள். பலராமன் மூன்றாம் நாள்.

மிச்சத் துணியில் குறுக்கு நூலையும் உருவிப் பார்க்க உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்குத் தோன்றவில்லை. நான் காட்டிக்கொடுத்த அளவுக்குத்தான் அவனுக்குத் தெரியும்.

தெரிந்தேதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். பலராமன் செத்த அன்று, பிணத்துக்குப் போர்த்தக் கோடித் துணி எடுக்க அவன் மச்சான் பச்சையப்பன் என் கடைக்குத்தான் வந்தான்.

"நல்ல பஞ்சா குடுங்க மொதலாளி. ஒடம்புல ஒட்டாததா" என்றான்.

நீளத்தில் ஒரு நூல், குறுக்கில் ஒரு நூல், இரண்டையும் உருவிக் கொளுத்திக் காட்டித்தான் கொடுத்தேன். துணி விஷயத்தில் இந்தக் கை யாரையும் ஏமாற்றியதில்லை.