மணிக்கொரு கிள்ளல்

— எழுதியாச்சா? "மேற்படி நர்ஸ், எலும்பு முறிந்து கட்டுப் போட்ட என் வலது கை விரல்களை, மணிக்கொரு தரம், வேண்டுமென்றே கிள்ளினார்."

— "வேண்டுமென்றே"க்கு முன்னாடி "டாக்டர் உத்தரவுப்படி"ன்னு சேர்க்கட்டுமா வக்கீல் சார்?

— புகார் யாரோடது? என்னுதா, உன்னுதா?

— உங்களுதுதான் சார். எம்மேலங்கறதால ஒரு அக்கறை.

— நாப்பது வருஷம் கோர்ட்ல நின்னவன்மா நான். குற்றவாளியே குற்றப்பத்திரிகை எழுதி இப்பதான் பாக்கறேன்.

— உங்க கை கட்டுல இருக்கு. வீட்டம்மா எழுத மாட்டேன்னு எழுந்து போயிட்டாங்க. நோயாளி கேட்டா எழுதிக் குடுக்கறதும் எங்க வேலைதான்.

— அவ என்னைக்கு என் கட்சியில இருந்தா? மாடிப்படியில நான் விழுந்து கிடக்கறேன், "படி மேல ஒரு கேஸ் போடுங்களேன்"ங்கறா. விடு. அடுத்தது. "வலி தாங்காமல் நான் கெஞ்சியும், இன்னொரு ஊசி போட மறுத்தார்."

— நீங்க கெஞ்சலையே சார். வேலையை விட்டே தூக்கிடுவேன்னீங்க.

— கெஞ்சினேன்னே எழுது. மனுன்னா அப்படித்தான்.

— டாக்டர் எழுதினது ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. அதுக்கு மேல நானா போட்டா சட்டம் என்னைத்தான் கேக்கும், உங்களைக் கேக்காது. வலி ஏறுதுன்னு காலையில ரெண்டு தடவை அவருக்கு போன் பண்ணேன். ரவுண்ட்ஸ் வரும்போது பாத்துக்கலாம்னார். அதையும் நேரம் போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன்.

— குறிப்பு, குறிப்பு. எமனே வந்தாலும் நேரம் குறிச்சுட்டுத்தான் உள்ள விடுவே.

— கையெழுத்தும் வாங்குவேன் சார்.

— வாயைப் பாரு. பதினோரு மணிக்கு விரலைத் தொட வந்தியே, நான் என்ன சொன்னேன்?

— சம்மதமில்லாம ஒருத்தர் உடம்பைத் தொடறது குற்றம்னீங்க. உங்க உரிமை. "நோயாளி மறுத்தார்"னு எழுதி ஹெட் நர்ஸ்கிட்டயும் சொல்லிட்டேன். எதுக்குக் கிள்ளறோம்னு உங்களுக்கும் சொன்னேன்.

— சொன்னே, சொன்னே. கட்டுக்குள்ள வீங்கி, ரத்தம் நின்னு, கிள்ளினாக்கூட உறைக்காம மரத்து, கையே போயிடும்னே. இந்தப் பூச்சாண்டியெல்லாம் வேற யார்கிட்டயாவது காட்டு. இது நர்சிங் கவுன்சிலுக்குப் போகட்டும், ரிஜிஸ்டர்லேர்ந்து உன் பேரை அடிச்சுடுவாங்க. அப்புறம் பஞ்சைக்கூட நீ தொட முடியாது.

— தெரியும் சார். பத்தொம்போது வருஷமா அந்தப் பேரை வெச்சுத்தான் எங்க வீட்ல உலை கொதிக்குது. கவுன்சில் முகவரியை நானே போட்டுடறேன். நீங்க சொன்னது பழைய கட்டடம், அங்க இப்போ ஆளில்லை.

— நல்லது. கீழ சாட்சிக் கையெழுத்தும் நீயே போட்டுடு.

— நோயாளியோட காகிதத்துல நர்ஸ் சாட்சி போடக்கூடாது. ஆஸ்பத்திரி விதி.

— நின்னா விதி, உக்காந்தா விதி. இதையும் சேர்த்துக்கோ. "தொட்டதற்கெல்லாம் விதி பேசினார்."

— சேர்த்தாச்சு. மணி பன்னெண்டு. வலி எப்படி இருக்கு சார்?

— கேட்டியே, அதையும் எழுது. உன் ஊசி இல்லாமலே, அரைமணி நேரமா வலி சுத்தமா போயிடுச்சு.

— போயிடுச்சா? குறைஞ்சிருக்கா, இல்ல ஒண்ணுமே தெரியலையா?

— ஒண்ணுமே தெரியல. உன் முகம் ஏன் இப்படிப் போகுது, கேஸ் தோத்த கட்சிக்காரன் மாதிரி?

— விரலைப் பாக்கணும் சார். சம்மதம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

— சம்மதம். ஆனா சாட்சியத்துக்காக மட்டும்தான். அந்தக் காகிதத்தை என் இடது கையில குடு, நான் படிச்சுக்கிட்டிருக்கேன். நீ கிள்ளு. எந்த வரியில நான் கத்தறேனோ, அங்க ஒரு கோடு போட்டுக்கோ.

— கத்துங்க சார். தாராளமா கத்துங்க.

— "மேற்படி நர்ஸ்... மணிக்கொரு தரம், வேண்டுமென்றே... நான் கெஞ்சியும்... தொட்டதற்கெல்லாம் விதி பேசினார்." பக்கமே முடிஞ்சுடுச்சு. என்னம்மா, கவுன்சில்னதும் பயந்துட்டியா? கிள்ளறதுன்னா கிள்ளு, ஏன் சும்மா நிக்கறே?

— முதல் வரியிலேர்ந்து கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன் சார்.