விருந்தாளியாகப் போன கலங்கரை

பொம்மைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, ஆபீசர். போன கிறிஸ்துமசுக்கு என் தங்கை மகளுக்கு ஒரு இரும்புப்பல் ரோபோ நானே வாங்கிக் கொடுத்தேன். வாயைத் திறந்து மூடும். நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

அந்த ரோபோக்களை விற்பதற்காக எங்கள் காமிக்ஸ் அலுவலகம் ஒரு புதுக் காமிக்ஸ் போட்டது. டெரில் வான்ஸ் எழுதினார். கெட்டிக்காரர், சிரித்த முகம். நான் எழுதுவது கலங்கரை. நெஞ்சில் விளக்கு எரியும் வீரன். நியூயார்க்கில் அவனைத் தெரியாத குழந்தை கிடையாது. பல வருடங்களாக அவனை நான் ஒருவன்தான் எழுதுகிறேன்.

ரோபோ காமிக்ஸ் விற்பனை படுத்துவிட்டது. எடிட்டர் மார்ஜி என்னைக் கூப்பிட்டாள். "லென், உங்க கலங்கரையை ஒரு மாசம் அந்த ரோபோ கதைக்கு அனுப்புங்க. சும்மா தலையைக் காட்டிட்டு வரட்டும். புத்தகம் பொழைச்சுக்கும்."

சரி என்றேன். நான் பிடிவாதக்காரன் இல்லை.

பிறகு டெரில் எழுதியதைப் படித்தேன். பாலத்தில் ஒரு பள்ளிப் பேருந்து தொங்குகிறது. உள்ளே குழந்தைகள். கலங்கரையின் விளக்கு அணைந்துவிடுகிறது. அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். ஒரு ரோபோ வந்து பேருந்தைத் தூக்குகிறது. இவன் கைதட்டுகிறான்.

டெரிலிடம் தன்மையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார்.

"விடுங்க லென். நம்ம ஆளு அங்க விருந்தாளி. விருந்தாளி ஜெயிச்சா பொம்மைக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா?"

"அவன் வேடிக்கை பார்க்க மாட்டான், டெரில்."

"அவன் எங்க பார்க்கறான்? நான்தானே பார்க்க வைக்கறேன். வாங்க, சாப்பிடப் போலாம். பாஸ்ட்ராமி சாண்ட்விச் நான் வாங்கித் தர்றேன்."

ஆட்கள் ஏறும் லிஃப்ட் அன்று ஓடவில்லை. பின்பக்கம் சரக்கு லிஃப்டுக்குப் போனோம். பழைய கட்டிடம். லிஃப்ட் அந்த மாடியில் நிற்காவிட்டாலும் அதன் கம்பிக் கதவு திறந்துகொள்ளும். எனக்குத் தெரியும். புதிதாக வந்த டெரிலுக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, கலங்கரை கைதட்டுவதை நடித்துக் காட்டியபடியே கதவைத் தள்ளிப் பின்னால் கால் வைத்தார். சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் பேசும்போது குறுக்கிடும் பழக்கம் எனக்கு இல்லை.

உள்ளே லிஃப்ட் இல்லை. விழும்போது விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது மாடி.

"லென், கையக் குடுங்க."

"கதையில அந்தப் பேருந்துப் பக்கத்தை மாத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்தறேன். எல்லாத்தையும் மாத்தறேன். லென், ப்ளீஸ், கை வழுக்குது."

பயத்தில் சொல்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மனதார வந்த சொல் இல்லை அது. மேலே ஏறியதும் பழையபடியே எழுதுவார்.

அந்த இதழை நானே முடித்தேன். பேருந்தைக் கலங்கரை ஒற்றைக் கையால் பிடிக்கிறான். டெரில் பெயரில்தான் வந்தது. அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்குகிறவன் இல்லை நான். அவர் மனைவி கோனி போனில் அழுதாள். "அவர் எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு, லென்" என்றாள். எனக்கு நிறைவாக இருந்தது.

அவர் விரல்கள் எப்படி நசுங்கின என்று கேட்டீர்கள். நான் தள்ளவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த விரல்கள் மேல் ஏறி நின்றேன். முதலில் வலது கை, பிறகு இடது கை. அவர் விடும்வரை.

அந்த இடத்தில் கலங்கரை என்ன செய்திருப்பான் என்று உங்களோடு வந்திருக்கும் போலீஸ்காரர் கேட்கிறார். அவர் வயதுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், ஆபீசர். அது வெறும் கதை.